கொல்லுவது கிருமியா, நாக்கா?

நமது நாட்டில் ஒரு மனிதனுக்கு வியாதி வந்துவிட்டால், வைத்தியர் வந்து சேருவதற்கு முன்னாலேயே தீர்ப்புச் சொல்லுகிறவர்கள் வந்து திண்ணையில் உட்கார்ந்து கொள்ளுவார்கள். பாம்பு கடித்தால் நாகதோஷம், பிள்ளை தங்காவிட்டால் முன்ஜன்மத்துச் சாபம், அம்மை போட்டால் அம்மனுடைய கோபம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குற்றப் பத்திரிகை நம் ஜனங்களிடம் தயாராக இருக்கிறது. ஆனாலும் அவைகளுக்கெல்லாம் கடைசியில் ஒரு இரக்கம் காட்டுவது உண்டு. ஒரு வாய் கஞ்சியாவது கொண்டுவந்து கொடுப்பது உண்டு. எச்.ஐ.வி. என்னும் கிருமி ஒருவன் இரத்தத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் மாத்திரம் கஞ்சியும் கிடையாது, இரக்கமும் கிடையாது, "எப்படி வந்தது?" என்கிற ஒரே கேள்விதான் உண்டு. அப்படிக் கேட்கிறவனுக்குப் பதில் வேண்டியதில்லை. பதிலை அவன் வரும்போதே மடியில் முடிந்துகொண்டு வந்திருக்கிறான்.

இந்த வியாதி பரவும் விதத்தைப் பற்றி சர்க்கார் சுவரெல்லாம் எழுதியாகிவிட்டது. நாம் இங்கு எழுதப் போவது முக்கியமாக அதைப் பற்றி அல்ல. "உன் இரத்தத்தில் கிருமி இருக்கிறது" என்று ஒரு மனிதன் முதன்முதலாகக் கேட்கிறானே, அந்த நேரத்திலும் அதற்கடுத்த சில நாட்களிலும் அவனோடு யார் பேசுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்பதைப் பற்றியே எழுதுகிறோம். இது ஒரு சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள் சாத்தூர் சங்கதியை ஞாபகப்படுத்திக் கொள்ளட்டும்.

2018-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், விருதுநகர் ஜில்லா சாத்தூர் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு இரத்தம் ஏற்றினார்கள். அந்த இரத்தம் சிவகாசி அரசாங்க இரத்த வங்கியிலிருந்து வந்தது. அதைக் கொடுத்தவர் ஒரு இளைஞர். வெளிநாட்டு வேலைக்குப் போவதற்காக அவர் இரத்தச் சோதனை செய்துகொண்ட போதுதான் தமக்கு எச்.ஐ.வி. இருப்பது அவருக்குத் தெரிய வந்தது. தெரிந்ததும் அவர் என்ன செய்தார்? மூடி மறைத்தாரா? ஊரை விட்டு ஓடினாரா? இல்லை. தாம் கொடுத்த இரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடக் கூடாதே என்று இரத்த வங்கிக்குத் தாமே தகவல் சொன்னார். அதற்குள் இரத்தம் ஏற்றியாகிவிட்டது. 2016-இல் அவர் ஒரு முகாமில் இரத்தம் கொடுத்தபோதே கிருமி இருப்பது சோதனையில் தெரிந்திருந்ததென்றும், ஆனால் அது அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை என்றும் அப்போது செய்திகள் வெளிவந்தன. அதாவது, சோதனை செய்தவர்களுக்குத் தெரிந்த சங்கதி, சோதிக்கப்பட்டவனுக்குத் தெரியாமல் இரண்டு வருஷம் காகிதத்தில் தூங்கியிருக்கிறது.

பிறகு நடந்ததென்ன? பத்திரிகைகளும் டெலிவிஷன் பெட்டிகளும் ஒரே கூச்சல் போட்டன. யார் அந்த ஆள், எந்த ஊர், எப்படி வந்தது என்று நாடே விசாரணை நடத்தியது. அந்த இளைஞர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள முயன்று, மதுரை அரசாங்க ஆஸ்பத்திரியில் டிசம்பர் 30-ஆம் தேதி மாண்டு போனார். பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கும்படி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-இல் உத்தரவிட்டது. அது நியாயமே. இரத்த வங்கி ஊழியர்கள் மேல் நடவடிக்கை எடுத்தார்கள். அதுவும் நடக்க வேண்டியதே. ஆனால் அந்த இளைஞர் விஷயத்தில் யார்மேல் நடவடிக்கை எடுப்பது?

அவருடைய உயிரைக் கிருமி வாங்கவில்லை என்பதை மாத்திரம் நாம் உறுதியாகச் சொல்லுவோம். ஏனென்றால் அந்தக் கிருமிக்கு இலவச மருந்து அந்த நாளில் தமிழ்நாட்டில் இருந்தது. அவர் அதைச் சாப்பிட்டுக்கொண்டு இன்றைக்கு வேலைக்குப் போய்க்கொண்டு இருந்திருக்கலாம்.

இப்படிச் சொல்லுவது வெறும் ஆறுதல் வார்த்தையா, உண்மையா என்று சந்தேகப்படுகிறவர்கள் இருக்கலாம். சந்தேகப்படுவது நல்லதுதான், நாமும் யார் சொன்னாலும் அப்படியே நம்பும்படி உங்களுக்குச் சொல்லுகிறவர்கள் அல்ல. ஆகவே கணக்கைப் பார்ப்போம். நம் நாட்டில் எச்.ஐ.வி. மருந்தை அரசாங்கம் 2004 ஏப்ரல் 1-ந் தேதி முதல் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. முதலில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஒரு அளவுக்குக் கீழே விழுந்தவர்களுக்கே கொடுத்தார்கள். 2017 முதல், கிருமி இருப்பது உறுதியான எவருக்கும் உடனே கொடுப்பது என்று ஏற்பட்டுவிட்டது. மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை, பெரும்பாலோருக்கு நாளைக்கு ஒன்று. தவறாமல் சாப்பிட்டு வந்தால், சில மாதங்களுக்குள் பெரும்பாலோருடைய இரத்தத்தில் கிருமியின் எண்ணிக்கை சோதனைக்கே அகப்படாத அளவுக்குக் குறைந்து போகிறது. கிருமி அடியோடு ஒழிந்துவிடாது. மாத்திரையை நிறுத்தினால் மறுபடியும் தலையெடுக்கும். ஆனால் நிறுத்தாத வரையில், சர்க்கரை வியாதிக்காரரும் இரத்தக் கொதிப்புக்காரரும் மருந்து சாப்பிட்டுக்கொண்டு பேரன் பேத்தி எடுப்பது போல இவரும் எடுக்கலாம்.

அதுமட்டுமல்ல. ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகளை வைத்து நடத்திய ஒரு ஆராய்ச்சியின் முடிவு 2011-இல் வெளிவந்தது. அந்த ஆராய்ச்சி நடந்த இடங்களில் நம் சென்னையும் ஒன்று. சீக்கிரமே மருந்து ஆரம்பித்தவர்களிடமிருந்து துணைக்குக் கிருமி பரவுவது நூற்றுக்கு 96 பங்கு குறைந்தது என்று அதில் கண்டார்கள். பிறகு ஐரோப்பாவில் பல நூறு ஜோடிகளைப் பல வருஷம் கவனித்து 2016-இலும் 2019-இலும் வெளியிட்டார்கள். கிருமி அகப்படாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து அவருடைய துணைக்கு உடலுறவினால் பரவியது என்று சொல்ல ஒரே ஒரு கேஸ்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கர்ப்பிணியின் விஷயமும் அப்படியே. மருந்தில்லாவிட்டால் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரைக்கும் தொற்றக்கூடியது, மருந்து சாப்பிட்டால் ஐந்துக்கும் கீழே இறங்கி விடுகிறது.

இவ்வளவையும் ஒருவனுக்கு முதல் நாளே, அவனுக்கு விளங்கும் பாஷையில், அவன் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லி எடுத்துரைத்தால், அவன் வீட்டுக்குப் போவானா, ரயில் தண்டவாளத்துக்குப் போவானா? இதைத்தான் ஆலோசனை என்று சொல்லுகிறோம். ஏதோ மேல்நாட்டு நாகரிகம் என்றும், பணக்காரர்களுக்கு ஏற்பட்ட பொழுதுபோக்கு என்றும் சிலர் இதைக் கேலி பேசுகிறார்கள். காலொடிந்தவனுக்குக் கட்டுப் போடுவது எப்படி வைத்தியமோ, அப்படியே இதுவும் வைத்தியம்.

நிற்க, இந்தச் சேதியைக் கேட்டவுடன் ஒரு மனிதனுக்கு ஏன் இவ்வளவு பயங்கரம் உண்டாகிறது என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். சர்க்கரை வியாதி என்று சொன்னால் கவலைப்படுகிறான், ஆனால் வெட்கப்படுவதில்லை. காசம் என்றால் பயப்படுகிறான். ஆனால் ஒரு காலத்தில் இருந்த அளவுக்கு இன்று ஒளிந்துகொள்ளுவதில்லை. எச்.ஐ.வி. என்றால் மாத்திரம் பயத்தோடு வெட்கமும், வெட்கத்தோடு "நான் தண்டனைக்கு உரியவன்" என்கிற எண்ணமும் சேர்ந்து கொள்ளுகின்றன. இந்த மூன்றாவது சரக்கு கிருமியில் கிடையாது. அதை நுண்ணோக்கிக் கண்ணாடியில் வைத்துத் தேடினாலும் அகப்படாது. கர்மம், பாவம், முன்வினை என்று ஆயிரக்கணக்கான வருஷங்களாக நம் மூளையில் ஏற்றி வைத்திருக்கிறார்களே, அந்தச் சரக்கு அது.

கடம்பத்தூர் ஸ்டேஷனில் அமாவாசை அன்று காலையில் நின்று பார்த்தால் இதன் உண்மை விளங்கும். அரக்கோணம் பக்கமிருந்து வரும் மின்சார ரயிலில் கால் வைக்க இடமிராது. எல்லோரும் திருவள்ளூர் வீரராகவர் கோவிலுக்குப் போகிறவர்கள். அந்தச் சுவாமிக்கு வைத்திய வீரராகவர் என்று பேர். குளத்திலே வெல்லத்தைக் கரைத்தால் உடம்பிலுள்ள கட்டியும் மருவும் கரையும் என்பது ஐதீகம். குளத்துக்கு ஹிருத்தாபநாசினி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இருதயத்தின் தாபத்தை நாசம் செய்கிறதாம். வெல்லம் கரைகிறது, சந்தேகமில்லை. தண்ணீரில் போட்டால் எந்த ஊர்க் குளத்திலும் கரையும். அந்தக் கூட்டத்தில் எச்.ஐ.வி. உள்ளவர் ஒருவராவது இல்லாமல் இருப்பாரா? நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் இந்தக் கிருமியோடு வாழ்கிறார்கள் என்பது அரசாங்கத்தின் கணக்கு. அப்படிப்பட்ட ஒருவர் அந்தக் குளத்தங்கரையில் நின்றால், மரு உள்ளவன் சத்தம் போட்டுத் தன் வேண்டுதலைச் சொல்லுவான். இவர் வாய்க்குள்ளேகூடச் சொல்லமாட்டார். பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்டுவிடுமே என்கிற பயம். இருதயத்தின் தாபம் உண்மையில் யாருக்கு இருக்கிறதோ அவர் வாயைத் திறக்க வழியில்லாத இடத்தில், தாபம் எப்படித் தீரும்? அதே திருவள்ளூரில், அரசாங்க ஆஸ்பத்திரியில், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ஆலோசகர் முன்னால் உட்கார்ந்தால் அவர் வாய்விட்டு அழலாம், கேட்கலாம், சொன்னது வெளியில் போகாது.

அந்த இடத்துக்குத் தமிழ்நாட்டில் "நம்பிக்கை மையம்" என்று பெயர். நம்பிக்கை என்கிற வார்த்தையின்மேல் நமக்கு அவ்வளவு பிரியம் இல்லை என்பது இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஆனாலும் சோதனைக் குழாயில் நிரூபித்த பிறகு வருகிற நம்பிக்கை என்பதால் இதை ஒத்துக்கொள்ளுகிறோம்.

கர்நாடகத்தில் மாண்டியா ஜில்லாவில் 1997-இல் "எய்ட்ஸ் அம்மா" என்று ஒரு கோவிலே ஏற்பட்டது. கட்டியவர் ஒரு பள்ளிக்கூட சயன்ஸ் உபாத்தியாயர். ஜனங்கள் கோவிலுக்கு வந்தால் வியாதியைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கலாம் என்பது அவருடைய நோக்கம். நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். ஆனால் அம்மை நோய்க்கு மாரியம்மன் ஏற்பட்டு எத்தனை நூற்றாண்டுகள் ஆயின? வேப்பிலையும் கூழும் ஊற்றி ஊற்றிப் பார்த்தும் பெரியம்மை போகவில்லை. ஊசி குத்தினார்கள், 1975-இல் இந்தியாவில் கடைசி கேஸ், 1980-இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். வியாதி போன பிறகும் அம்மன் போகவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. எய்ட்ஸ் அம்மனும் அப்படி நின்றுவிட்டால், மருந்து கண்டுபிடித்த பிறகும் "அம்மன் குற்றம்" மாத்திரம் நிற்கும்.

கோவிலைக் குறை சொல்லுகிறவர்கள் போலி வைத்தியரை மறந்துவிடக் கூடாது. "எய்ட்ஸை அடியோடு குணப்படுத்துகிறோம்" என்று விளம்பரம் செய்வதை மருந்துச் சட்ட விதிகளின் ஜே அட்டவணை தடை செய்கிறது. அந்த அட்டவணையில் முதலாவதாக இருப்பதே எய்ட்ஸ்தான். அப்படியிருந்தும் புதிதாகச் சேதி கேட்டவன் நேராகப் போய் விழுகிற கிணறு அதுவாகவே இருக்கிறது. காரணம் மருந்தின்மேல் நம்பிக்கை அல்ல. "இது உனக்கு இருந்ததாகவே யாருக்கும் தெரியாமல் துடைத்து விடுகிறேன்" என்று அவன் சொல்லுகிற வார்த்தைதான் இழுக்கிறது. அறிவில்லாத ஏழைதான் ஏமாறுகிறான் என்று எண்ண வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் ஜனாதிபதி தாபோ இம்பெக்கியே கிருமியால் எய்ட்ஸ் வருகிறது என்பதைச் சந்தேகித்தார். அவருடைய சுகாதார மந்திரி பூண்டையும் பீட்ரூட்டையும் சிபாரிசு செய்தார். மருந்தைத் தாமதப்படுத்தியதால் 3,30,000-க்கு மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் 2008-இல் கணக்குப் போட்டார்கள்.

இனி, நம்மவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பாவம், கர்மம் என்று பேசுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற நம் தோழர்களிலேயே சிலர், "ஒழுக்கமாக இருந்தால் இந்த வியாதி ஏன் வருகிறது?" என்று கேட்கிறார்கள். இது அதே பழைய கள்தான், மொந்தைதான் புதிது. சித்திரகுப்தன் எழுதின கணக்கை இவர்கள் கையில் வாங்கிக்கொண்டார்கள் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் நமக்குத் தெரியவில்லை. கட்டின புருஷனைத் தவிர வேறொருவரை அறியாத எத்தனையோ பெண்களுக்கு இந்த வியாதி கலியாணத்தோடு வந்திருக்கிறது. அவர்கள் எந்த ஒழுக்கத்தில் தவறினார்கள்? தாய் வயிற்றில் இருந்த குழந்தை எதில் தவறியது? சாத்தூர்ப் பெண் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு எந்த ஒழுக்கத்தை விட்டார்? "அவர்கள் நிரபராதிகள், சரி, மற்றவர்கள்?" என்று அடுத்த கேள்வி வரும். நிரபராதி, அபராதி என்று பிரிக்கிற வேலையே நமக்கு எதற்கு என்பதுதான் நமது கேள்வி. குடித்துவிட்டு வண்டியிலிருந்து விழுந்தவனுக்கு டாக்டர் எலும்பு கட்டமாட்டேன் என்கிறாரா? கிருமிக்கு ஒழுக்கம் தெரியாது. அது இரத்தத்திலும் விந்திலும் பெண்ணுறுப்பின் நீரிலும் தாய்ப்பாலிலும் போகும். வழி கிடைத்தால் போகும், கிடைக்காவிட்டால் போகாது. அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த சாஸ்திரம்.

தொட்டால் வராது. ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. ஒரே குவளையில் தண்ணீர் குடித்தால் வராது. கொசு கடித்தாலும் வராது. இது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் வீட்டிலே ஒருவருக்கு இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த நாளே அவருக்குத் தனித் தட்டு, தனிக் குவளை, துணி காயப்போடத் தனிக் கொடி! டீக்கடையில் ஆதித்திராவிடத் தோழருக்குத் தனிக் குவளை வைத்தபோது ஊர் ஊராய்ப் போய்ச் சண்டை போட்டது நம் இயக்கம். வீட்டுக்குள் ஒரு தனிக் குவளையை வைத்துவிட்டு, தெருவில் நின்று தீண்டாமையைப் பற்றிப் பிரசங்கம் செய்ய நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இந்த வியாதியின் சரித்திரமே நம் சென்னையில்தான் இந்தியாவுக்கு ஆரம்பமாயிற்று என்பது பலருக்குத் தெரியாது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுநீதி சாலமனும், அவரிடம் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த டாக்டர் நிர்மலாவும், அரசாங்க விடுதியில் அடைபட்டிருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களின் இரத்தத்தை எடுத்து வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். அதில்தான் நாட்டிலேயே முதன்முதலாகக் கிருமி இருப்பது வெளிப்பட்டது. விஞ்ஞானத்துக்கு அது பெரிய காரியம். அந்தப் பெண்களுக்கோ? கிருமி இருக்கிறது என்று கண்டவர்களைத் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் வெளியே விடாமல் பூட்டி வைத்தார்கள். 1990-இல் சியாமளா நடராஜ் என்னும் பத்திரிகையாளர் உயர்நீதிமன்றத்துக்குப் போனபிறகுதான் விடுதலை கிடைத்தது. அவர் அதோடு நிற்காமல் ஒரு சங்கம் வைத்து, சாதாரண ஜனங்களிலிருந்தே ஆலோசகர்களைப் பழக்க ஆரம்பித்தார். சுநீதி சாலமனும் 1993-இல் தனி நிலையம் ஏற்படுத்தி, 2015-இல் மறையும் வரையில் சிகிச்சையும் ஆலோசனையும் ஒன்றாகவே நடத்தி வந்தார்.

கோவாவில் 1989-இல் டொமினிக் டிசோசா என்பவருக்கு நடந்ததைக் கேட்டால் அதைவிட வேடிக்கை. அவர் அடிக்கடி இரத்ததானம் செய்கிறவர். ஒருநாள் போலீஸார் வந்து அழைத்தார்கள். எதற்கென்று யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு ரிஜிஸ்தரில் தம் பெயர் எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் தமக்கு என்ன என்று தெரிந்துகொண்டார். பாழடைந்த ஒரு காச நோய் விடுதியில் 64 நாள் காவலில் வைத்தார்கள். வழக்கு நடத்தி வெளியே வந்தவர், தம்மைப் போன்றவர்களுக்காக வேலை செய்து 1992-இல் இறந்தார். அன்றைக்கு மருந்தில்லை. சொல்லுகிற விதத்திலாவது ஒரு மனிதத்தன்மை காட்டுவதற்கு மருந்தா வேண்டும்?

இப்போது சட்டம் வந்துவிட்டது. 2017-இல் இயற்றி 2018 செப்டம்பர் 10 முதல் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டத்தின்படி, ஒருவருக்கு விஷயத்தைச் சொல்லி அவர் சம்மதம் பெறாமல் சோதிக்கக் கூடாது. சோதனைக்கு முன்பும் பின்பும் ஆலோசனை சொல்ல வேண்டும். சங்கதியை வெளியிடக் கூடாது. வேலை கொடுப்பதற்கு எச்.ஐ.வி. சோதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது. நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள ஸ்தாபனத்தில் இதற்கென்று ஒரு புகார் அதிகாரி இருக்க வேண்டும். வீட்டை விட்டுத் துரத்தவும் கூடாது. எச்.ஐ.வி. உள்ளவர்கள்மேல் வெறுப்பைப் பரப்பினால் மூன்று மாதத்துக்குக் குறையாமல் இரண்டு வருஷம் வரை ஜெயிலும், ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. சட்டம் வருவதற்கு இருபது வருஷத்துக்கு முன்பே, 1997-இல், பம்பாய் உயர்நீதிமன்றம் ஒரு கூலித் தொழிலாளியின் வழக்கில், வேலை செய்யத் திடமுள்ளவனை எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக மாத்திரம் தள்ளக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. காக்களூரிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் கம்பெனி பஸ் ஏறிப் போகிற தோழர்கள் தங்கள் தொழிற்சாலையில் புகார் அதிகாரி யார் என்று கேட்டுப் பார்க்கட்டும். கேட்பதற்கு எச்.ஐ.வி. இருக்க வேண்டியதில்லை, இல்லாதவர்கள் கேட்பதுதான் நல்லது. ஒரிஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒரு அறையில் எட்டுப் பேராய்ப் படுத்திருக்கிற தொழிலாளிகளுக்கு இந்தச் சட்டத்தை அவர்கள் பாஷையில் யார் சொல்லுவார்கள்?

ஆலோசனை என்கிற வேலை என்ன என்பதை இங்கு கொஞ்சம் விவரமாகச் சொல்ல விரும்புகிறோம், ஏனென்றால் நம் ஜனங்கள் அதைப் புத்திமதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். புத்திமதி சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆலோசகரின் வேலை அது அல்ல. முதலில், ஒரு சோதனையை மாத்திரம் வைத்து முடிவு சொல்லுவதில்லை, மூன்று வெவ்வேறு சோதனைகளில் ஒத்து வந்தால்தான் உறுதி என்பதை விளக்குகிறார். பிறகு முடிவைச் சுற்றி வளைக்காமல் சொல்லுகிறார். சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறார். இந்தச் சும்மா இருப்பதுதான் மிகவும் கஷ்டமான வேலை. நம்மில் பலருக்கு வராது. எதிரே இருப்பவர் அழட்டும், கோபிக்கட்டும், "இயந்திரம் தப்பு" என்று சண்டை போடட்டும், கல்லாய் உட்காரட்டும், எல்லாம் அந்த நேரத்துக்கு இயற்கையே என்று அவருக்குத் தெரியும். அதற்குப் பின்னால்தான், "இன்று ராத்திரி எங்கே இருப்பீர்கள்? யார் கூட இருப்பார்கள்? உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்கிறார். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டது போல் ஆகும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது தவறு. கேட்டால் பாரம் இறங்குகிறது.

யாரிடம் சொல்லுவது என்பது அடுத்த கேள்வி. பதைபதைப்பில் ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் பிறகு வருந்துகிறவர்களும் உண்டு. பெண்டாட்டியிடம் சொல்லாமல் மறைத்து அவளையும் ஆபத்தில் வைப்பவர்களும் உண்டு. துணைக்குச் சொல்ல வேண்டியது அவசியம். அவரையும் சோதிக்க வேண்டும். ஆனால் எப்போது, எந்த வார்த்தையில், யாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்பதை ஆலோசகரோடு உட்கார்ந்து ஒத்திகை பார்த்துவிட்டுச் சொன்னால் ஒரு குடும்பம் உடையாமல் நிற்கலாம். பெண்ணுக்கு முதலில் தெரிந்தால் நிலைமை இன்னும் மோசம். கர்ப்பத்துக்காகச் செய்த சோதனையில் அவளுக்கு வெளிப்படும். புருஷன் சோதிக்கவே வரமாட்டான். மாமியார் "நீதான் கொண்டுவந்தாய்" என்பாள். முதலில் சோதிக்கப்பட்டவள் என்பது முதலில் தொற்றினவள் என்று ஆகாது என்கிற சின்ன உண்மையை அந்த வீட்டாருக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். இப்படி அடிபட்ட பெண்களே ஒன்று கூடி 1998-இல் சென்னையில் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் என்ற சங்கத்தை ஏற்படுத்தினார்கள். கௌசல்யா என்பவர் முகத்தை மறைக்காமல் மேடையேறிப் பேசினார். ஆயிரம் துண்டுப் பிரசுரம் செய்யாததை, பத்து வருஷமாகக் கிருமியோடு வாழ்ந்து வருகிற ஒருவர் எதிரே வந்து உட்காருவது செய்துவிடும். "நீயும் இருக்கிறாயே!" என்பதைவிடப் பெரிய வாதம் எதுவும் இல்லை.

ஆனால் அந்த வேலையைச் செய்கிறவர்களை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? நம்பிக்கை மையத்து ஆலோசகர்கள் ஒப்பந்தக் கூலிகளாக, தொகுப்பூதியத்தில் வருஷக் கணக்காக வேலை பார்க்கிறார்கள். மாத்திரைக்கும் சோதனை இயந்திரத்துக்கும் கணக்கு எழுதுகிற சர்க்கார், பேச்சுக்குக் கணக்கெழுத வழி தெரியாமல் அதை மலிவாக நினைக்கிறது. ஆலோசகர் மாறிப் போனால், அவரை நம்பிக் கதை சொன்னவர் புது ஆளிடம் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். சிலர் சொல்லமாட்டார்கள், வராமலே நின்றுவிடுவார்கள்.

நாம் அறிந்த மட்டில் கடம்பத்தூர் ஒன்றியத்துக் கிராமங்களில் நடப்பதும் இதுதான். திருவள்ளூரில் வரிசையில் நின்றால் நம் ஊர்க்காரன் யாராவது பார்த்துவிடுவான் என்று பயந்து, ரயிலேறிச் சென்னைக்கே போகிறவர்கள் உண்டு. ஒரு நாள் கூலி போகிறது. ரயில் சத்தம், சாப்பாட்டுச் செலவு வேறு. நாலு தடவை போவான், ஐந்தாவது தடவை "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று நிறுத்திவிடுவான். இப்படி விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி அந்த மருந்துக்கே மசியாமல் போகக்கூடும். அவனை அரை மணி தூரத்திலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் தடுத்தது எது? கிருமியா? வீட்டுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிற நாலு பேருடைய நாக்கு அல்லவா?

ஆகவே தோழர்கள் சில காரியம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறோம். யாராவது உங்களிடம் நம்பிச் சொன்னால், "எப்படி வந்தது?" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள், அடுத்த தடவை மாத்திரை வாங்கப் போகும்போது கூடப் போங்கள். கேட்டதை உங்கள் பெண்சாதியிடமும்கூடச் சொல்லாதீர்கள். அவர் நிலைமை கவலைக்கிடமாக இருந்தால் தனியே விடாதீர்கள், எச்.ஐ.வி. சம்பந்தமாக 1097 என்கிற நம்பரிலும், மனக்கஷ்டத்துக்கு 14416 அல்லது 104 நம்பரிலும் டெலிபோனில் இலவசமாகப் பேசலாம் என்று சொல்லி, வேண்டுமானால் நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் கொடுங்கள். தட்டையும் குவளையையும் பற்றி முன்னமே சொல்லிவிட்டோம்.

கிராம சபை வருஷத்தில் ஆறு தரம் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தண்ணீர்க் குழாய்க்கும் தெரு விளக்குக்கும் தீர்மானம் போடுகிற சபையில் இதற்கும் ஒன்று போடலாம். திருவள்ளூர் ஜில்லாவின் நம்பிக்கை மையங்களில் ஆலோசகர் வேலையை நிரந்தரமாக்க வேண்டும்; காலி இடத்தை உடனே நிரப்ப வேண்டும்; அவர் உட்காருகிற அறைக்குக் கதவு இருக்க வேண்டும், வாசலில் வியாதியின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதக் கூடாது; வடநாட்டுத் தொழிலாளிக்கு அவர் பாஷை தெரிந்த ஒருவர் வேண்டும். தீர்மானம் கொண்டுவருகிறவரைப் பார்த்து, "உனக்கு என்ன இதில் அக்கறை? உனக்கும் இருக்கிறதா?" என்று கட்டாயம் ஒருவன் கேட்பான். இருக்கிறது என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல், தீர்மானத்தை ஓட்டுக்கு விடும்படி தலைவரைக் கேட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்துவிட வேண்டும்.